ஒரு கோழி, 55 வருஷம்

இந்த எபிசோட் பெய்ட்டன் ரவுஸ் பத்தி. நோபல் பரிசு வாங்கும்போது அவருக்கு வயசு 87. எந்த ஆராய்ச்சிக்காகக் கொடுத்தாங்களோ, அதை அவர் வெளியிட்டது 1911-ல!

கதை 1909-ல, நியூயார்க்கோட ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்ல தொடங்குது. அங்கே ஒரு கோழி வந்து சேர்ந்தது, உடம்பில பெரிய கட்டியோட. ரவுஸ் அந்தக் கட்டியில கொஞ்சம் எடுத்து, அதே இனக் கோழிகளுக்குள்ள வெச்சுப் பார்த்தார். அவற்றுக்கும் புற்று வந்தது. இதுல பெரிய ஆச்சரியம் இல்ல, புற்று செல் உள்ளே போனா வளரத்தானே செய்யும்? அடுத்து செஞ்சதுதான் விஷயம். கட்டியை மணலோட சேர்த்து அரைச்சு, உப்புக் கரைசல்ல கலக்கி, பாக்டீரியாகூடத் தாண்ட முடியாத வடிகட்டியில வடிச்சார். வடிஞ்ச திரவத்துல ஒரு செல்கூட இல்ல. ஆனா அதை ஊசியில ஏத்தின கோழிகளுக்கும் புற்று வந்தது. அப்போ நோயைக் கொண்டுபோனது செல்லைவிட ரொம்பச் சின்ன ஏதோ ஒண்ணு. அது ஒரு வைரஸ்.

யாரும் பெருசா எடுத்துக்கல. கோழிக்கு நடக்கிறது மனுஷனுக்குப் பொருந்துமாங்கிற சந்தேகம். உலகமே ஒரு மேதையை ஒதுக்கிடுச்சுன்னு இந்தக் கதையைச் சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல. ரவுஸே எலிகள்ல முயற்சி பண்ணி, ஒண்ணும் கிடைக்காம, 1915 வாக்கில விட்டுட்டார்.

விட்டுட்டு ரத்தம் பக்கம் போனார். ஜோசப் டர்னரோட சேர்ந்து, சிட்ரேட்டும் சர்க்கரையும் கலந்து ரத்தத்தை நாள் கணக்குல கெடாம வைக்க வழி கண்டுபிடிச்சார். முதல் உலகப் போர்ல, போர்முனை ரத்த வங்கிக்கு உதவினது அதுதான். அதுக்கே ஒரு தனி எபிசோட் போடலாம்.

1930-கள்ல ரிச்சர்ட் ஷோப், காட்டு முயலுக்கு மரு வர வைக்கிற ஒரு வைரஸைக் கண்டுபிடிச்சு, மேற்கொண்டு ஆராய ரவுஸ்கிட்ட கொடுத்தார். அந்த மரு சில சமயம் புற்றாவும் மாறுச்சு. இந்தத் தடவை கோழி இல்ல, பாலூட்டி. ரவுஸ் திரும்ப வந்துட்டார்.

1966-ல நோபல். அவரோட மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின் 1963-லேயே நோபல் வாங்கிட்டார்!

நோபல் உரையில ரவுஸ் ஒரு விஷயத்தை அடிச்சு மறுத்தார். மரபணுவில வர்ற மாற்றத்தாலதான் புற்று வருதுங்கிறதை அவர் ஏத்துக்கவே இல்ல. பத்து வருஷம் கழிச்சு, 1976-ல, பிஷப், வார்மஸ் குழு அவரோட கோழி வைரஸையே கையில எடுத்தது. புற்று உண்டாக்கிற 'சார்க்' மரபணு வைரஸோட சொந்தச் சரக்கு இல்ல, சாதாரணக் கோழி செல்லுல இருந்து அது எடுத்துக்கிட்டதுன்னு தெரிஞ்சது. அதே மாதிரி மரபணு நம்ம உடம்பிலயும் இருக்கு.

ரவுஸ் 1970-லேயே இறந்துட்டார்.