டம் டம் குண்டும் எங்க ஊர் ஈயக்குண்டும்

திருவண்ணாமலைன்னு சொன்னா எல்லாருக்கும் தீபமும் கிரிவலமும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு கூடவே ஈயக்குண்டும் வரும். சாமி குத்தம்னு யாரும் சண்டைக்கு வந்துடாதீங்க மக்களே, விஷயம் இருக்கு.

1767 செப்டம்பர் 3 அன்னிக்கு செங்கம் கணவாய் பக்கம் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து, கும்பினி தளபதி ஜோசப் ஸ்மித்தோட மோதினாங்க. ஜெயிச்ச ஸ்மித்துக்கு சோறு தண்ணிக்கு வழியில்ல. திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினார். அதே மாசக் கடைசியில இங்கே பெரிய சண்டை. ஹைதரும் நிஜாமும் தோத்தாங்க. நிஜாம் அடுத்த வருஷமே கும்பினியோட தனியா சமாதானம் பேசிட்டுப் போயிட்டார். முதல் மைசூர் போரோட முக்கியமான கட்டம் இது.

அந்தச் சண்டையில கும்பினி சிப்பாய் கையில இருந்தது மஸ்கட். உள்ளே வழவழன்னு இருக்கும் குழல், அதில் போடுற குண்டு ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் விட்டம், 30 கிராம் எடை, சுத்த ஈயம். நூறு கஜத்துக்கு அப்பால குறி பார்த்து சுடறதெல்லாம் சாமி விட்ட வழி. ஆனா உடம்பில பட்டா ஈயம் நசுங்கி விரியும். எலும்பில பட்டா எலும்பு தூள். இது யாரும் திட்டம் போட்டு செஞ்சதில்ல, ஈயத்தோட குணமே அப்படித்தான்.

இந்த மெத்துனு இருக்கும் ஈயத்துக்கு மேல ஏன் சட்டை போட்டாங்க? மனிதாபிமானம்னு சிலர் எழுதறாங்க. அது தப்பு. 1880களில் புகையில்லாத வெடிமருந்து வந்தது. குண்டோட வேகம் எகிறிடுச்சு. அந்த வேகத்துல வெறும் ஈயம் குழலுக்குள்ள இருக்கும் சுழல் பள்ளங்களில் அப்பிக்கொண்டு துப்பாக்கியையே பாழாக்கும். அதனால செம்பு, நிக்கல் கலந்த உலோக உறை போட்டாங்க. குண்டும் சின்னதாச்சு. பிரிட்டிஷ் ராணுவத்தோட பழைய மார்ட்டினி-ஹென்றி குண்டு சுமார் 31 கிராம். 1888ல் வந்த .303 லீ-மெட்ஃபோர்டு குண்டு சுமார் 14 கிராம்தான். உறை போட்ட குண்டு விரியாது. உடம்புக்குள்ள ஊசி மாதிரி புகுந்து, அந்தப் பக்கம் போயிடும்.

1895ல் சித்ரால் படையெடுப்பு. வடமேற்கு எல்லையில பட்டாணியர்கள் மேல சுட்ட சிப்பாய்கள், "குண்டு பட்டும் ஓடி வர்றாங்க"ன்னு புகார் பண்ணினாங்க. இதுக்குத் தீர்வு வந்த இடம் கல்கத்தா பக்கத்துல டம் டம். இன்னிக்கு கல்கத்தா விமான நிலையம் இருக்கிற அதே டம் டம்தான். 1857 ஜனவரியில கொழுப்பு தடவிய தோட்டா வதந்தி கிளம்பினதும் இங்கேதான். ராசியான ஊரு! அங்கிருந்த ஆயுதசாலை அதிகாரி கேப்டன் பெர்ட்டி-கிளே குண்டு மூக்கில இருக்கும் உறையை மட்டும் கொஞ்சம் எடுத்துட்டு ஈயம் வெளியே தெரியற மாதிரி செஞ்சார். அவ்வளவுதான் மேட்டர். பட்டதும் மூக்கு காளான் மாதிரி விரியும், காயம் பெரிசாகும், ஆள் விழுவான். 1897-98 திரா போர்ல இதைப் பயன்படுத்தினாங்க. 1898ல் சூடான் போன பிரிட்டிஷ் சிப்பாய்கள் கையில டம் டம் குண்டு இல்ல. அவங்க உட்கார்ந்து அரத்தால தோட்டா மூக்கை தேய்ச்சுக்கிட்டாங்க!

ஐரோப்பாவுல சலசலப்பு. ஜெர்மன் பேராசிரியர் புரூன்ஸ் விரியும் குண்டு வெச்சு சோதனை செஞ்சு, பயங்கரமான காயம்னு எழுதினார். அவர் சோதிச்சது ஈயம் ரொம்ப வெளியே நீட்டிட்டிருக்கும் வேட்டைக் குண்டுன்னு பிரிட்டிஷ்காரங்க மறுத்தாங்க. அந்த மறுப்புல நியாயம் இருந்தது. 1899ல் ஹேக் மாநாட்டுல பிரிட்டன் சார்பா பேசின சர் ஜான் அர்டா சொன்ன அடுத்த வாதம்தான் என்னால ஜீரணிக்க முடியாதது. நாகரிகமான சிப்பாய் அடிபட்டா ஒதுங்கி சிகிச்சைக்குப் போவான், காட்டுமிராண்டி நிக்காம வந்து தலையை வெட்டுவான், அதனால அவனுக்கு வேற குண்டு வேணும். இதுதான் அவர் வாதத்தோட சாரம்.

பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தும் 1899 ஜூலை 29 அன்னிக்கு விரியும் குண்டுக்குத் தடை வந்தது. பிரிட்டன் 1907ல் சேர்ந்துகொண்டது. சரி, நம்ம ஆளுங்க தப்பிச்சாங்களா? பிரகடனத்துல ஒரு வரி இருக்கு: கையெழுத்துப் போட்ட நாடுகளுக்குள்ள நடக்கும் போருக்கு மட்டும்தான் இது பொருந்தும். பட்டாணியனும் சூடானியனும் எந்த மாநாட்டுல கையெழுத்துப் போட்டான்? எந்த உடம்புக்காக டம் டம் குண்டு பிறந்ததோ, அந்த உடம்பு தடைக்கு வெளியேதான் நின்னது.

இன்னொரு கூத்தும் நடந்தது. 1910ல் .303 மார்க் 7 குண்டு வந்தது. முழு உறை, கூர் மூக்கு, சட்டப்படி சுத்தம். ஆனா உறைக்குள்ள மூக்குப் பகுதியில ஈயத்துக்கு பதில் அலுமினியம் மாதிரி லேசான சாமான். எடை பின்பக்கம் கூடிப்போனதால உடம்புல பட்டதும் குண்டு குட்டிக்கரணம் அடிக்கும். விரியாமலே பெரிய காயம். வக்கீல் மூளை பொறியாளர் கையோட சேர்ந்தா என்ன ஆகும்னு இதுதான் பாடம். .303 துப்பாக்கி சுதந்திரத்துக்குப் பிறகும் நம்ம போலீஸ் தோளில ரொம்ப காலம் தொங்கிச்சு. உத்தரப்பிரதேச போலீஸ் 2020லதான் வழியனுப்பி வெச்சாங்க.

இன்னிக்கு நிலைமை தலைகீழ். எதிரி நாட்டு சிப்பாய் மேல விரியும் குண்டு போடறது போர்க்குற்றம்னு 1998 ரோம் சட்டம் சொல்லுது (இந்தியா அதில் சேரல). ஆனா அமெரிக்கா மாதிரி நாடுகளில் போலீஸும் தற்காப்புக்குத் துப்பாக்கி வெச்சிருக்கும் சாதாரண ஆளும் தேர்ந்தெடுப்பது அதே வகை குண்டைத்தான். அவங்க சொல்ற காரணத்தையும் நேர்மையா சொல்லணும். விரியும் குண்டு பட்ட உடம்போடயே பெரும்பாலும் நின்னுடும், சுவரையும் அடுத்த ஆளையும் துளைக்கறது குறையும். நெரிசலான தெருவுல அது சின்ன விஷயமில்ல.

எனக்கு இந்தக் காரணம் புரியுது. ஆனா குண்டோட மூக்கு எப்படி இருக்கணும்னு முடிவு பண்ற அறையில, குண்டு படப் போறவன் 1899லயும் இல்ல, இப்பவும் இல்ல. எதிரி சிப்பாய்க்கு ஒரு ஒப்பந்தமாவது இருக்கு. சொந்த ஊர் தெருவுல நிக்கறவனுக்கு என்ன இருக்கு? உங்க கருத்தைச் சொல்லுங்க, பேசுவோம்.