தாத்தா வழக்கின் நம்பர்

என் அம்மா பிறந்த ஊர் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் இடையில் இருக்கும் ஒரு சின்ன கிராமம். அங்கே ஒரே தெருவில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்று என் தாத்தாவுடையது, மற்றது அவருடைய தம்பியுடையது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு வீட்டுக்காரர் மறு வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்ததில்லை. கேட்டால் ஆயா ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும்: "கோர்ட்டுல பொய்ச்சாட்சி சொல்லி, கெணத்துக்குக் கீழண்டை நெலத்தைப் புடுங்கிக்கினாங்க."

ஆயாவும் போய்விட்டது, தாத்தாவும் போய்விட்டார், வழக்கு மட்டும் போகவில்லை. 2018-இல் என் மாமா மகன் தன் பங்குக்குத் தனிப்பட்டா கேட்டு மனுப் போட்டான். அளக்க வந்த அன்று எதிர்வீட்டார் வந்து நின்று, வண்டிப்பாதை எங்களுடையது என்று ஆட்சேபம் சொன்னார்கள். சர்வேயர் சங்கிலியைச் சுருட்டி வைத்துவிட்டு, "கோர்ட்டு டிகிரி இருந்தா கொண்டாங்க, அதைப் பார்த்துச் செய்யலாம்" என்று போய்விட்டார். அன்று இரவே எனக்குப் போன் வந்தது. "மச்சான், ஆபீசுல வேலை பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தான். எப்படியாவது அதை எடுத்துக் கொடுங்க."

நான் புதுச்சேரி அரசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் படிப்பு முழுக்க பிரெஞ்சில். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற கோர்ட்டு நடைமுறை எனக்குப் புதிது. ஆனால் தாள்களோடு பழகியவனுக்கு ஒன்று தெரியும். தாள் தொலைவது குறைவு, அது எந்த அறையில் எந்தக் கட்டில் இருக்கிறது என்பதுதான் தொலைந்துபோகும்.

பிரெஞ்சு ஆட்சியில் சொத்துப் பத்திரம் எழுதுபவர் நொத்தேர். பத்திரத்தின் மூலம் அவரிடமே இருக்கும். அதற்குப் பெயர் 'மினுத்', அதாவது சிறிய எழுத்தில் எழுதியது. நடைமுறைப்படுத்துவதற்காகத் தரப்பினருக்குக் கொடுக்கும் நகலுக்குப் பெயர் 'கிரோஸ்', பெரிய எழுத்தில் எழுதியது. சின்ன எழுத்து ஆபீசில், பெரிய எழுத்து நம் கையில். பிரிட்டிஷ் பக்கத்தில் விற்கிரயப் பத்திரம் அப்படியல்ல. அசல் நம்மிடம் வந்துவிடும், சார்பதிவாளர் புத்தகத்தில் நகல்தான் இருக்கும். ஆனால் கோர்ட்டுத் தீர்ப்பு மட்டும் இங்கேயும் 'மினுத்' மாதிரிதான். அசல் கோர்ட்டு பதிவறையில் இருக்கும், நமக்குக் கிடைப்பது சான்றிட்ட நகல். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் அந்த நகலை அசலுக்குச் சமமாக வைத்தது. 2024 ஜூலை முதல் புதுச் சட்டம் வந்தபோதும் அந்த முறை மாறவில்லை.

எங்கள் தமிழ் ஜனங்களின் வழக்குகளைப் பிரெஞ்சுக்காரர்களும் எழுதி வைத்தார்கள். புதுச்சேரியில் 'சாவடி' என்றே பெயர் பெற்ற ஒரு நீதிமன்றம் இருந்தது. ஊர் வழக்கப்படி தமிழர்களின் சிவில் தகராறுகளைத் தீர்த்த இடம் அது. 1766 முதல் 1817 வரை அங்கே சொன்ன தீர்ப்புகளை ழான் குளோது போன்னான் என்ற அறிஞர் தொகுத்து, இரண்டு தொகுதிகளாகப் புத்தகமாகியிருக்கின்றன. பங்கு, கடன், தத்து, கல்யாணச் செலவு என்று அதில் இருப்பதெல்லாம் நம் வீட்டுச் சண்டைகள்தான்.

சென்னை மாகாணத்துப் பக்கத்தில் இந்த வேலையின் அருமை தெரிந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர் என்றுதான் நாம் அவரை அறிவோம். அவர் உத்தியோகத்தைத் தொடங்கியது திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளராக. பிறகு மொழிபெயர்ப்பாளர், 1857-இல் முன்சீப். 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று 1862-இல் வெளியிட்டார். கோர்ட்டு என்ன சொன்னது என்பது குடியானவனுக்கும் அவன் மொழியில் தெரிய வேண்டும் என்று நினைத்த முதல் ஆட்களில் அவர் ஒருவர்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் தவறு நான் செய்தது. மாவட்டத் தலைநகர் விழுப்புரம் என்பதால் நேரே விழுப்புரம் கோர்ட்டுக்குப் போனேன். அங்கே ஒரு வயதான வக்கீல் குமாஸ்தா, "ஐயா, எந்த வருஷத்து வழக்கு?" என்று கேட்டார். ஐம்பதுகளில் என்றேன். சிரித்துவிட்டார். "அப்ப விழுப்புரம் ஜில்லாவே கிடையாதே!"

அவர் சொன்னது சரி. 1993 செப்டம்பர் 30-ஆம் தேதிதான் தென்னாற்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் அமைத்தார்கள். அதற்கு முன் கடலூர்தான் தலைநகர், ஜில்லா கோர்ட்டும் அங்கேதான். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியும் தனியாகப் போனது. ஆகவே பழைய வழக்கு தேடுகிறவர் இன்றைய மாவட்டத்தை மறந்துவிட வேண்டும். அன்று அந்த கிராமம் எந்தத் தாலுகா, எந்த முன்சீப் கோர்ட்டு எல்லை என்று பார்க்க வேண்டும். 1873-ஆம் ஆண்டு சென்னை சிவில் கோர்ட்டுச் சட்டப்படி முன்சீப், சப் கோர்ட்டு, ஜில்லா கோர்ட்டு என்று அடுக்கு. சிறு மதிப்புள்ள வழக்கு முன்சீப்பிடம், பெரிய மதிப்பு சப் கோர்ட்டில். அப்பீல் நடந்திருந்தால் கடலூரையும் மனதில் வைக்க வேண்டும். எங்கள் ஊர் திண்டிவனம் தாலுகா, இரண்டு ஏக்கரும் அரைக் கிணறும். ஆகவே திண்டிவனம் முன்சீப் கோர்ட்டு.

அடுத்த வாரம் திண்டிவனம் போனேன். நகல் பிரிவில் இருந்த அம்மா மரியாதையாக உட்காரச் சொல்லி, ஒரே கேள்விதான் கேட்டார்: "நம்பர் இருக்கா, சார்?"

நான் தாத்தா பெயர், அவர் தம்பி பெயர், ஊர், சர்வே நம்பர் எல்லாம் சொன்னேன். அவர் சொன்னார்: "சார், இங்க கட்டு எல்லாம் வருஷம், நம்பர்படிதான் இருக்கும். பேர் வச்சுத் தேடணும்னா ஒவ்வொரு வருஷத்து வழக்குப் பதிவேட்டையும் வரிவரியாப் பார்க்கணும்."

நம் குடும்பங்கள் பெயரையும் சண்டையையும் நினைவில் வைக்கும். கோர்ட்டோ ஓ.எஸ். எண்ணையும் ஆண்டையும் நினைவில் வைக்கும். புது வழக்குகளுக்குக் கணினியில் பெயர் போட்டுத் தேடலாம், ஒவ்வொன்றுக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. 1950-களின் வழக்குக்கு அது உதவாது.

இன்னொரு பிசகும் இருந்தது. தீர்ப்பு வந்தது 1959 என்று மாமா சொல்லியிருந்தார். வழக்கு எண்ணில் வருவது தீர்ப்பான ஆண்டு அல்ல, தாக்கல் செய்த ஆண்டு. மாமா சொன்னதை நம்பித் தேடியிருந்தால் தப்பான பதிவேட்டில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருப்பேன்.

நம்பர் கிடைத்தது கோர்ட்டில் அல்ல, அம்மாவின் டிரங்குப் பெட்டியில். தாத்தா 1964-இல் எழுதிக்கொடுத்த ஓர் அடமானப் பத்திரம். சொத்து எனக்கு எப்படி வந்தது என்று சொல்லும் இடத்தில், "திண்டிவனம் டிஸ்டிரிக்ட் முன்சீப் கோர்ட்டு ஓ.எஸ். நம்பர்" என்று எழுதி, எண்ணும் 1957 என்ற ஆண்டும் இருந்தன. பழைய பத்திரத்தின் முதல் பக்கத்தை நாம் படிப்பதே இல்லை. பெயரையும் நான்கு எல்லையையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். வீட்டில் பத்திரம் இல்லாவிட்டாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய ஆண்டுகளுக்குக் கைப்பட வில்லங்கம் தேடி, அதில் வரும் பத்திரங்களின் நகலை வாங்கிப் படித்தால் இப்படி ஒரு வரி அகப்படலாம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் என்ன என்று ஒரு நண்பர் சொன்னார். கோர்ட்டுக்கென்று நகல் விதி இருக்கும்போது நான் அந்த வழியில் போகவில்லை. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் ஒரு குஜராத் வழக்கில் இதையே சொன்னது: கோர்ட்டு ஆவணத்தின் சான்றிட்ட நகலை அந்தக் கோர்ட்டின் விதிப்படிதான் கேட்க வேண்டும்.

நகல் மனு கடினமானதல்ல. வழக்கு எண், ஆண்டு, வாதி பிரதிவாதி பெயர், தீர்ப்புத் தேதி தெரிந்தால் அது, எந்தத் தாள் வேண்டும் என்பது, கோர்ட்டு பீஸ் ஸ்டாம்பு. வழக்கில் பெயர் இல்லாதவர் கேட்டால், தான் யார், எதற்காகக் கேட்கிறார் என்று பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். மாமா மகன் வாரிசுச் சான்றோடு வைத்தான், ஒரு வக்கீல் மூலம் போட்டோம். பிறகு நகல் எடுக்க எத்தனை ஸ்டாம்புத் தாள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. மனுப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

நகல் வந்ததும் பின்பக்கத்தையும் பாருங்கள். மனுச் செய்த தேதி, ஸ்டாம்பு கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். அழகுக்குப் போட்டதல்ல. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, அப்பீல் கெடுவைக் கணக்கிடும்போது நகல் வாங்க ஆன நாட்களைக் கழிக்க வேண்டும். அந்தக் கணக்குக்குத்தான் அந்தத் தேதிகள்.

எல்லாத் தாளும் எல்லாக் காலமும் இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோர்ட்டு ஆவணங்களைக் கெடு முடிந்ததும் அழிக்க 1917-லேயே சட்டம் உண்டு. தரப்பினர் தாக்கல் செய்த பத்திரங்களை வழக்கு முடிந்ததும் மனுப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எத்தனையோ பேர் வாங்காமலே விட்டிருக்கிறார்கள்.

எங்கள் நல்ல காலம், டிகிரி இருந்தது. மூன்றாவது முறை போனபோது நகல் கையில் வந்தது. மொத்தமே ஐந்து பக்கம். முதல் பக்கம் ஆங்கிலத்தில், பின்னால் இணைத்திருந்த மனு தமிழில். கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நான் படித்துச் சொல்ல, மாமா மகன் கேட்டான்.

அது ராஜி டிகிரி. சண்டை போட்டுக்கொண்ட இருவரும் சமாதானமாகி, தங்களுக்குள் எழுதிக்கொண்டதைக் கோர்ட்டு அப்படியே டிகிரியாக்கியிருந்தது. விசாரணையே நடக்கவில்லை. ஒரு சாட்சியைக்கூடக் கூண்டில் ஏற்றவில்லை. அறுபது வருஷமாக எங்கள் வீட்டில் சொல்லிவந்த பொய்ச்சாட்சி என்ற ஒன்று நடந்ததே இல்லை.

ராஜியில் இருந்தது இதுதான். தாத்தா ஒருவரிடம் வாங்கிய கடனைத் தம்பி ஏற்றுக்கொண்டு அடைப்பது. அதற்காகக் கிணற்றுக்குக் கீழண்டை நிலம் தம்பிக்கு. கிணற்றுத் தண்ணீர் வாரத்தில் நான்கு நாள் அண்ணன், மூன்று நாள் தம்பி. வண்டிப்பாதை இருவருக்கும் பொது. அடியில் தாத்தாவின் பெயர், பக்கத்தில் 'இடது கைப் பெருவிரல் ரேகை' என்ற சொற்கள். நகலில் ரேகை வராதல்லவா, சொல் மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்து எனக்கு என்னவோ செய்தது.

மாமா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடன் சங்கதி ஆயாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. கடன் வாங்கியதைப் பெண்டாட்டியிடம் சொல்லாத ஆண்கள் அந்தக் காலத்தில் நிறைய.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனோம். சின்னத் தாத்தாவின் பேரன் வாசலில் நின்றான், உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நகலின் ஜெராக்சை நீட்டினேன். நின்றபடியே தமிழ்ப் பக்கத்தை இரண்டு முறை படித்தான். பிறகு சொன்னான்: "எங்க வீட்டுல வேற மாதிரி சொல்லுவாங்க, ஐயா. உங்க தாத்தா கோர்ட்டுல காசு குடுத்து வண்டிப்பாதையை எழுதி வாங்கிட்டார்னு."

இரண்டு வீட்டிலும் ஏமாந்த கதைதான் இருந்திருக்கிறது. சமாதானமான கதையை ஒரு வீட்டிலும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

அந்த மாதமே சர்வேயர் வந்தார். பாதையைப் பொதுவாக விட்டு அளந்தார்கள், பட்டாவும் வந்தது. அளவு முடிந்ததும் எதிர்வீட்டுப் பெண் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள். மாமா மகன் குடித்தான். எதிர்வீட்டாரோடு கொள்வினை கொடுப்பினை என்று பெரிதாக ஒன்றும் இன்னும் நடக்கவில்லை. பொங்கலுக்குப் பேசிக்கொள்கிறார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வழக்கு இருக்கும். எந்தக் கோர்ட்டு, என்ன நம்பர், எந்த வருஷம் என்ற மூன்றையும் இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி, பிள்ளைகளுக்குக் காட்டி வையுங்கள். முடிந்தால் நகலையும் வாங்கி ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள். யார் யாரை ஏமாற்றினார்கள் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.