கடதாசி இலக்கில் நீள்துளை: ஒரு சான்றும் அதன் எல்லையும்

கடதாசி இலக்கைத் துளைக்கும் துப்பாக்கிச் சன்னம் வழக்கமாக வட்டத் துளையையே விட்டுச் செல்லும். எனினும், மிக அண்மையிலிருந்து சுட்டபோதிலும், சன்னத்தின் பக்கத்தோற்றத்தை ஒத்த நீள்துளை சிலவேளைகளில் காணப்படுவதுண்டு. திறப்புத் துவாரம் போன்ற இவ்வடையாளம், சன்னம் முனை முன்னாகச் செல்லாது புரண்டு சென்றமைக்குச் சான்றாகும். தேய்ந்த குழல், குழலுக்குப் பொருந்தாத சன்னம், போதாத சுழற்சி என்பன இதன் பிரதான காரணங்கள்.

சுழற்சி பற்றிய கணிப்பு புதியதன்று. விட்டத்துடன் ஒப்பிடுகையில் சன்னம் நீளுந்தோறும் அதனை விரைவாகச் சுழற்றவேண்டும் என்பதை ஆங்கிலேயக் கணிதவியலாளரான கிறீன்ஹில் 1879இல் ஒரு சூத்திரமாக வகுத்தார். ஐக்கிய அமெரிக்காவின் ஏஆர்-15 துப்பாக்கியின் குழற்பள்ளங்கள் ஆரம்பத்தில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அமைந்திருந்தன. கடுங்குளிரின் அடர்ந்த வளியில் இச்சுழற்சி போதாதெனக் கண்டு, 1963இல் அது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக மாற்றப்பட்டது.

இத்துப்பாக்கியே எம்-16 என்ற பெயரில் வியட்நாம் யுத்தத்தில் பயன்பட்டது. அது விளைத்த கோரமான காயங்களை அமெரிக்கக் களப் பரிசோதனை அறிக்கையொன்று 1962இலேயே விவரித்திருந்தது. சன்னம் வளியிலேயே புரண்டு செல்வதால் இக்காயங்கள் உண்டாகின்றன என்ற நம்பிக்கை பரவலாக நிலவியது. கடதாசி இலக்கு இதனை மறுக்கின்றது. வளியிற் புரளும் சன்னம் நீள்துளையை விடும், குறியும் தவறும். நல்ல நிலையிலுள்ள எம்-16 விடுவதோ வட்டத் துளையே.

ஆயின், வட்டத் துளை அத்துப்பாக்கியைக் குற்றமற்றதாக்குமா? உடலின் தசை வளியைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வளியில் சன்னத்தை நேராக வைத்திருக்கும் சுழற்சி தசையில் பயனற்றுப் போகின்றது. அங்கு சன்னம் புரள்கின்றது. அண்மைத் தூரத்தில், மிகுந்த வேகத்தில், உடைந்து சிதறவும் செய்கின்றது. மெல்லிய கடதாசி இதனைப் பதிவு செய்வதில்லை.

உடலினுள் விரியும் அல்லது தட்டையாகும் சன்னங்களை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடைசெய்தது. புரள்வதைப் பற்றி அது பேசவில்லை. லூசேர்ண் (1974), லுகானோ (1976) நிபுணர் மாநாடுகளில் இவ்விடைவெளி விவாதிக்கப்பட்டது. 1979இல் ஐக்கிய நாடுகள் மாநாடு மேலதிக ஆய்வைக் கோரும் தீர்மானமொன்றை நிறைவேற்றியது. ஆனால் 1980ஆம் ஆண்டின் மரபுவழி ஆயுதங்கள் பற்றிய உடன்படிக்கையில் இச்சன்னங்களைக் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இடம்பெறவில்லை.

எனவே கடதாசித் துளையைத் துப்பாக்கியின் நிலைபற்றிய சான்றாக ஏற்கலாம். அதன் மனிதாபிமானத்துக்கான சான்றாக ஏற்பதற்கில்லை.