சேரன்மகாதேவி குருகுலம்

சேரன்மகாதேவி குருகுலம் என்பது தாமிரபரணிக் கரையில் வ.வே.சு. ஐயர் நடத்திய தேசியப் பள்ளி. தமிழ்க் குருகுலம், பரத்வாஜ ஆசிரமம் என்ற பெயர்களும் இதற்கு உண்டு. இங்கே பந்தியில் பிரித்துப் போடப்பட்ட இலைகளால் 1925இல் தமிழகக் காங்கிரஸ் பிளவுபட்டது.

திருநெல்வேலிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் செழிக்கும் ஊர் சேரன்மகாதேவி. உள்ளூர்ப் பேச்சில் அது சேர்மாதேவி. குருகுலம் முதலில் 1922 டிசம்பரில் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கியது. பின்னர் இவ்வூருக்கு வந்தது. திருச்சி வரகனேரியில் 1881இல் பிறந்த ஐயர், பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் போய் சாவர்க்கரின் தோழரானவர். 1910இல் போலீஸ் கண்ணில் படாமல் புதுச்சேரிக்குத் தப்பி வந்து, பத்தாண்டுகள் அங்கே இருந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பெல்லாரிச் சிறையில் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு எழுதினார்.

உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலமே பாடமொழியாக இருந்த காலம் அது. தன் மொழியிலேயே ஒரு பையன் அறிவு பெற வேண்டும், கூடவே உடற்பயிற்சியும் கைத்தொழிலும் கற்க வேண்டும் என்பது ஐயரின் கனவு. ‘பாலபாரதி’ என்ற இதழும் குருகுலத்திலிருந்து வெளிவந்தது. தாய்மொழிக் கல்வியைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் இந்த முயற்சியை நன்றியோடு நினைக்க வேண்டும். அதனாலேயே அதன் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

குருகுலத்தில் பலசாதிப் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தார்கள். ஆனால் இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் சாப்பாடு தனியாக நடந்தது. பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், மீற முடியாது என்றார் ஐயர். அவர் சாதி பார்க்காதவர் என்பதில் எதிர்த்தவர்களுக்கும் ஐயமில்லை. ஆனாலும் தனியே இலை போட்டதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த மற்றப் பிள்ளைகளுக்கு அவர் மனம் எப்படித் தெரியும்? காலையில் வகுப்பில் கேட்ட சமத்துவத்தை மத்தியானப் பந்தி அழித்துவிடும். அங்கே படித்த தன் மகன் பட்ட அவமதிப்பை ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தன்னிடம் சொன்னதாகப் பெரியார் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பள்ளி பொதுப்பணத்தில் நடந்தது. மலேயாத் தமிழர்கள் வரை கொடுத்திருந்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 கொடுத்திருந்தது. செயலாளராக இருந்த பெரியார் மீதியை நிறுத்தினார். தனக்குத் தெரியாமல் இன்னொரு செயலாளரிடமிருந்து அது பெறப்பட்டதாகக் குற்றஞ்சாட்டினார். டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழில் கண்டனம் எழுதினார். வைக்கத்தில் ஒடுக்கப்பட்டோர் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், காங்கிரஸ் பணத்தில் நடக்கும் பள்ளியிலேயே இப்படியா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எளிதாயில்லை.

1925 மார்ச்சில் சென்னைக்கு வந்த காந்தி சமரசம் சொன்னார்: அந்த இரு சிறுவர்கள் விஷயத்தில் கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனிச் சேருகிறவர்கள் சமபந்திக்குச் சம்மதித்தே சேர வேண்டும். பிரச்சினை தீரவில்லை. ஏப்ரல் கடைசியில் திருச்சியில் கூடிய காங்கிரஸ் கமிட்டியில் எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம், பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்றது. 19 பேர் ஆதரித்தார்கள், 7 பேர் எதிர்த்தார்கள். ராஜாஜி, டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் முதலியோர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனவாரியாகப் பிரித்து வைத்த பள்ளிகள் சமமாக இருக்க முடியாது என்று தீர்ப்பளித்தது 1954இல்தான். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு முன்னே, இதே வழக்கை ஒரு சாப்பாட்டுக் கூடத்தை வைத்துத் தமிழர்கள் வாதாடியிருக்கிறார்கள்.

ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூனில் பாபநாசம் அருவிக்குப் போனபோது, நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்து உயிரிழந்தார். வயது 44. தகராறு ஆறாத நேரத்தில் வந்த இந்தச் சாவு இருதரப்பாரையும் உலுக்கியது. குருகுலத்தை மகாதேவ ஐயர் தொடர்ந்து நடத்தினார். பெரியார் மே மாதம் ஈரோட்டில் ‘குடி அரசு’ தொடங்கியிருந்தார். நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காமல் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

ஏறத்தாழ நூறாண்டு கழித்தும் பள்ளிகளில் சாதி மறையவில்லை. குருகுலம் இருந்த அதே திருநெல்வேலி மாவட்டத்தில், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவன் உடன்படிக்கும் பிள்ளைகளால் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் காயப்பட்டாள். அதையடுத்து அமைந்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர் நீக்கம், அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைத்தல் ஆகியவை அதன் பரிந்துரைகளில் சில. பள்ளிச் சாப்பாட்டுக்கு ஒன்றியந்தோறும் ஒரு பொதுச் சமையற்கூடம் என்பதும் அவற்றில் ஒன்று.