வெளிநாட்டில் வாடகைக் கார் ஓட்டத் திட்டமா? புறப்படும் முன் அறிய வேண்டியவை

ஹைதராபாத்: விடுமுறைக்குக் குடும்பத்துடன் வெளிநாடு செல்வோர், அங்கே வாடகைக் காரைத் தாமே ஓட்டிச் சுற்றிப் பார்ப்பது வழக்கமாகி வருகிறது. விமானச் சீட்டும் விடுதி அறையும் பல வாரங்களுக்கு முன்பே பதிவாகிவிடுகின்றன. ஓட்டுநர் அனுமதியோ பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. அது கட்டாயமாக உள்ள நாட்டில் அனுமதியின்றிப் போய் இறங்கினால், பணம் கட்டிய கார் கண்ணெதிரே நின்றாலும் சாவி கைக்கு வராது.

ஹைதராபாத்தின் வடகிழக்கில் உள்ள ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ஒரு குடும்பம் புறப்படுவதாகக் கொள்வோம். 1967-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய மின்னணுக் கழகத்தை (இசிஐஎல்) உருவாக்கிய அறிவியலாளர் அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கிய பகுதி இது. சென்னை, மதுரைவாசிகளைப் போலவே இப்பகுதியினரும் தங்கள் எல்லைக்கு உட்பட்ட போக்குவரத்து அலுவலகத்தின் வழியாக முன்கூட்டியே இந்த அனுமதியைப் பெற வேண்டும். ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் புறப்படும் நேரத்தில் வாங்கிக்கொள்ளக்கூடிய ஆவணம் அல்ல இது.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்றால் என்ன?

சாலைப் போக்குவரத்து குறித்த 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் இந்தியாவும் ஓர் உறுப்பு நாடு. அதன்படி வழங்கப்படும் சிறு புத்தக வடிவிலான ஆவணமே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. இந்திய ஓட்டுநர் உரிமத்தின் விவரங்களைப் பிற நாட்டு அதிகாரிகள் படித்து அறிவதற்கான சான்று இது. தனித்து நிற்கும் உரிமம் அன்று. எனவே அசல் உரிம அட்டையையும் உடன் வைத்திருக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள டிஜிலாக்கர் பிரதியை மட்டும் நம்பிச் செல்லக் கூடாது.

அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். அதற்குள் இந்திய உரிமம் காலாவதியானால் அனுமதியும் அன்றே முடிந்துவிடும். நாடு முழுவதும் ஒரே வடிவத்தில் இதை வழங்கவும், கியூஆர் குறியீட்டின் மூலம் ஓட்டுநர் உரிமத்துடன் இணைக்கவும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஆகஸ்டில் விதிகளைத் திருத்தியது.

விண்ணப்பிப்பது எப்படி?

செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் உள்ள இந்தியக் குடிமக்கள் படிவம் 4ஏ-வில் விண்ணப்பிக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கட்டணம் ரூ.1,000. உரிமம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் நகல்களும் புகைப்படங்களும் தேவை. முன்பு மருத்துவச் சான்றும் விசாவும் கேட்கப்பட்டன. சென்று இறங்கிய பின் விசா தரும் நாடுகளுக்குப் போவோர் இதனால் இடர்ப்பட்டனர். 2021 ஜனவரியில் வெளியான அறிவிக்கை அவ்விரு நிபந்தனைகளையும் நீக்கியது. வெளிநாட்டில் இருக்கும்போது அனுமதி காலாவதியானால், அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக மீண்டும் விண்ணப்பிக்கவும் அதே அறிவிக்கை வழி செய்தது.

உரிமத்திலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஒரே மாதிரி உள்ளதா என்பதை முதலில் சரிபார்ப்பது நல்லது. தந்தை பெயர் முதலெழுத்தாக ஓர் ஆவணத்திலும் முழுமையாக மற்றோர் ஆவணத்திலும் இருப்பது தமிழ்க் குடும்பங்களில் இயல்பு. வாடகை நிறுவனத்தில் அதுவே சிக்கலாக மாறலாம்.

எந்த நாட்டில் எது செல்லும்?

* தாய்லாந்து, ஜப்பான்: பன்னாட்டு அனுமதி தேவை. 1949 உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட அனுமதியை மட்டுமே ஜப்பான் ஏற்பதால், இந்திய அனுமதி அங்கே செல்லும்.
* ஐக்கிய அரபு அமீரகம்: சுற்றுலா செல்லும் இந்தியர் இந்திய உரிமத்துடன் பன்னாட்டு அனுமதியும் வைத்திருக்க வேண்டும்.
* பிரிட்டன்: இந்திய உரிமத்தைக் கொண்டே 12 மாதங்கள் வரை கார் ஓட்டலாம்.
* அமெரிக்கா: மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். வாடகை நிறுவனங்களும் தனித்தனி நிபந்தனை வைப்பதால் அனுமதி கையில் இருப்பது பாதுகாப்பு.
* இலங்கை: இந்திய உரிமம் மட்டும் போதாது, அந்நாட்டின் அங்கீகாரமும் வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக உரிமம் வழங்கும் ஏற்பாடு 2025 ஆகஸ்டில் தொடங்கியது.
* சீனா: பன்னாட்டு அனுமதியை ஏற்பதில்லை.

எத்தனை பேர் செல்லலாம்?

தாத்தா, பாட்டி, சகோதரர் குடும்பம் எனப் பத்துப் பன்னிரண்டு பேராகச் செல்வோர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. காருக்குரிய ‘பி’ பிரிவு, ஓட்டுநர் நீங்கலாக எட்டு இருக்கைகள் வரையும் 3,500 கிலோ எடை வரையும் உள்ள வாகனங்களையே குறிக்கும். அதைவிடப் பெரிய வேன் தேவைப்பட்டால் இரண்டு கார்கள் எடுப்பதே முறை. ஓட்டப்போகும் ஒவ்வொருவருக்கும் தனி அனுமதி வேண்டும். அவர்கள் பெயர் வாடகை ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும்.

காப்பீடும் முன்பணமும்

முன்பணத் தொகையை முதன்மை ஓட்டுநரின் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில் நிறுத்திவைப்பதே பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். டெபிட் கார்டு பல இடங்களில் ஏற்கப்படுவதில்லை. காப்பீடு இருந்தாலும் சேதத்தில் முதல் பகுதியை வாடகைக்கு எடுத்தவரே ஏற்க வேண்டியிருக்கும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை பொதுவாகக் காப்பீட்டில் அடங்காது. உரிய அனுமதியின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால் இழப்பீடே மறுக்கப்படலாம்.

காரைப் பெறும்போதும் திருப்பித் தரும்போதும் நாற்புறமும் காணொளி எடுத்துக்கொள்வது பிற்காலத் தகராறைத் தவிர்க்கும். துபாயின் ‘சாலிக்’ சுங்கக் கட்டணம், இத்தாலிய நகரங்களின் தடை மண்டல அபராதம் போன்றவை கேமரா மூலம் பதிவாகி, வாடகை நிறுவனம் வழியாகப் பின்னர் வந்து சேரும்.

சாலையே பெரிய சோதனை

ஆவணங்கள் அனைத்தும் சரியாக இருந்தாலும் சாலை புதியது என்பதை மறக்கலாகாது. 2018 டிசம்பர் 27 அன்று ஐஸ்லாந்தின் தெற்கே, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டன் குடும்பத்தினர் எழுவர் சென்ற வாடகைக் கார், ஒருவழி அகலமே கொண்ட பாலத்திலிருந்து கீழே விழுந்தது. இரண்டு பெண்களும் ஒரு குழந்தையும் உயிரிழந்தனர்; நால்வர் காயமடைந்தனர்.

இலங்கை, தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், ஜப்பான், பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இந்தியாவைப் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். அமீரகம், அமெரிக்கா, ஐரோப்பாவின் பெரும்பகுதி ஆகியவற்றில் வலப்பக்கம். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்புறம் இருக்கும். நேர்சாலையைவிடத் திருப்பங்களிலும் வட்டச் சந்திப்புகளிலும் பழைய பழக்கம் தலைதூக்கும் வாய்ப்பு அதிகம். அவ்வேளைகளில் அருகில் அமர்ந்திருப்பவர் குரல் கொடுத்து நினைவூட்டலாம்.

குழந்தை இருக்கையை முன்பதிவின்போதே கேட்டுப் பெற வேண்டும். பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தைகளுக்கு உரிய இருக்கை கட்டாயம். அமீரகத்தில் நான்கு வயது வரை குழந்தை இருக்கை வேண்டும். 10 வயதுக்கு உட்பட்டோர் முன்னிருக்கையில் அமரக் கூடாது.

இரவு முழுவதும் விமானத்தில் விழித்திருந்தவர், இறங்கியவுடன் ஓட்டுநர் இருக்கையில் அமர வேண்டியதில்லை. முதல் நாள் டாக்சியில் விடுதிக்குச் சென்று, உறங்கி எழுந்து, மறுநாள் பகல் வெளிச்சத்தில் காரைப் பெற்றுக்கொள்ளலாம். ஒரு நாள் வாடகை மிச்சமாகும். குடும்பமும் பத்திரமாக இருக்கும்.