2 லட்சம் பேர் ருசி பார்த்த கோக்

1975ல் அமெரிக்காவில் பெப்சி ஒரு சவால் விட்டது. பெயர் மறைத்த இரண்டு கோப்பைகள். குடித்துப் பார்த்து எது பிடிக்கிறது என்று சொல்ல வேண்டும். பலர் பெப்சியைக் கைகாட்டினார்கள். மிரண்டுபோன கோகோ கோலா, இனிப்பு தூக்கலான புதுக் கலவை ஒன்றைத் தயாரித்து, சுமார் 2 லட்சம் பேருக்குக் கொடுத்துப் பார்த்தது. புதுசுக்கே ஜெயம்!

1985 ஏப்ரல் 23ல் புதுசு வந்தது, பழசு நின்றது. அவ்வளவுதான்! தினமும் 400 போன் வந்த கம்பெனிக்கு ஜூனில் 1500 வந்தது, எல்லாம் வசவு. 79 நாளில், ஜூலை 11 அன்று, பழைய கோக்கைத் திரும்பக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள்.

சோதனை பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு மடக்கில் ஜெயிக்கும் இனிப்பு, முழு பாட்டிலில் திகட்டலாம். தவிர, 'இது பிடிக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. 'பழசை விட்டுவிடச் சம்மதமா?' என்பது வேறு கேள்வி. நாக்கு பதில் சொன்னது முதல் கேள்விக்கு மட்டும்தான்.