தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா ஏன் நிறுத்தியது?



பிரான்சிலோ பெல்ஜியத்திலோ வளரும் உங்களில் பலர் சூப்பர் மார்க்கெட்டின் உறைபெட்டிகளில் தவளைக்கால் பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். முகம் சுளித்துவிட்டு நகர்ந்தும் போயிருப்பீர்கள். ஒரு காலத்தில் அந்தக் கால்களில் பெரும்பகுதி இந்தியாவின் நெல்வயல்களிலிருந்து வந்தது. அது எப்படித் தொடங்கியது, ஏன் நின்றது, நின்ற பிறகு என்ன ஆனது என்பதுதான் இன்றைய கதை.

முதலில் தவளைகளைப் பார்ப்போம். இந்த வணிகத்தில் அதிகம் சிக்கியவை இரண்டு இனங்கள். ஒன்று, உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்கு வளரும் காளைத் தவளை. மற்றொன்று, இலங்கையின் குளங்களிலும் வாழும் பச்சைக் குளத்தவளை. காளைத் தவளை வறண்ட மாதங்களை மண்ணுக்குள் கழிக்கும். முதல் பெருமழை பெய்ததும் வெளியே வரும். ஆண் தவளைகள் பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்கு மாறி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு பெண் தவளைகளை அழைக்கும்.

'தவளை தன் வாயால் கெடும்' என்பார்கள். இந்த வணிகத்தில் அது அப்படியே நடந்தது. சத்தம் வரும் திசையை வைத்து, இரவில் விளக்கோடு வயலுக்குப் போவார்கள். வெளிச்சம் பட்டதும் தவளை திகைத்து அசையாமல் நிற்கும். பிடித்துச் சாக்கில் போட வேண்டியதுதான். மழைக்காலத்தில் வேறு வேலை கிடைக்காத ஏழைக் குடும்பங்களுக்கு அது உடனடிப் பணம். ஆனால் பிடிபட்டவற்றில் பல, இன்னும் முட்டையிடாதவை. அவற்றோடு அடுத்த தலைமுறையும் சாக்குக்குள் போனது.

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கால்கள் உறைய வைக்கப்பட்டுக் கப்பலேறின. 1980களின் தொடக்கத்தில் இந்தியா ஓராண்டில் 4,000 டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. ஒரு கிலோ காலுக்கு 20 தவளைகள் என்று வைத்தால், அது 8 கோடித் தவளைகள்!

ஒரு தவளை என்ன செய்கிறது? வயலில் பூச்சியைத் தின்கிறது. அதற்குச் சம்பளம் கேட்பதில்லை. அதனால் ஏற்றுமதிக் கணக்கில் அந்த உழைப்பு எங்கும் எழுதப்படவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஹுமாயூன் அப்துலாலி போன்றவர்கள் இந்தக் கணக்கைத்தான் கேள்வி கேட்டார்கள். தவளையை விற்று அந்நியச் செலாவணி சம்பாதித்து, அதே வயலுக்குப் பூச்சிமருந்து வாங்குவதில் என்ன லாபம்? பசுமைப் புரட்சியின் காலம் அது. பூச்சிமருந்துப் பயன்பாடு கூடியதற்குத் தவளை குறைந்தது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேள்வி நியாயமானது. தவளைகளை உயிரோடு வெட்டிய கொடுமையும் எதிர்ப்பை வளர்த்தது.

1985இல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கண்காணிப்புப் பட்டியலில் இந்த இரண்டு இனங்களும் சேர்க்கப்பட்டன. 1987இல் இந்தியா ஏற்றுமதியை முற்றிலும் தடை செய்தது. சில ஆண்டுகளில் வங்கதேசமும் அதே முடிவை எடுத்தது.

சரி, ஐரோப்பியர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்களா? இல்லை. பிரான்ஸ் தன் காட்டுத் தவளைகளைப் பிடித்து விற்பதற்கு 1980 வாக்கிலேயே தடை போட்டிருந்தது. தன் குளத்தைக் காப்பாற்றிக்கொண்டு, அடுத்தவர் குளத்திலிருந்து வாங்கியது. என்னைப் போல ஐ.டி. துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி: ஒரு சர்வரை நிறுத்தினால் சுமை மறைந்துவிடாது, அடுத்த சர்வருக்குப் போகும். இங்கே அந்த அடுத்த சர்வர் இந்தோனேசியா.

2010 முதல் 2019 வரை ஐரோப்பிய ஒன்றியம் 4 கோடி கிலோவுக்கு மேல் தவளைக்கால் வாங்கியது. அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இந்தோனேசியாவிலிருந்து வந்தது. அங்கே பெரிய தவளைகள் குறையக் குறைய வேறு இனங்கள் அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. பிரான்சில் விற்கப்பட்ட கால்களின் மரபணுவை அறிவியலாளர்கள் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பாக்கெட்டில் எழுதியிருந்தது ஓர் இனம். உள்ளே இருந்தது பெரும்பாலும் வேறு இனம். எந்த இனம் விற்கிறது என்றே தெரியாதபோது, எது அழிகிறது என்று எப்படிக் கண்காணிப்பது?

இந்தியத் தவளைகளுக்கும் ஆபத்து முழுதாக நீங்கவில்லை. குளங்களை மூடிக் கட்டடம் எழுப்புகிறார்கள். பூச்சிமருந்து கலந்த நீரில் தலைப்பிரட்டைகள் சாகின்றன. மழை இரவில் சாலையைக் கடக்கும் தவளைகள் சக்கரங்களில் நசுங்குகின்றன. இவற்றை ஏற்றுமதித் தடையால் தீர்க்க முடியாது.

ஆனாலும் 1987ஆம் ஆண்டு முடிவு முக்கியமானது. வருமானம் தந்த ஒரு வணிகத்தை, ஒரு சாதாரணத் தவளைக்காக ஓர் ஏழை நாடு கைவிட்டது. இன்று வாங்கும் பக்கத்தில் இருக்கும் நாடுகளில் பல, நீங்கள் குடிமக்களாக வாழும் நாடுகள். அடுத்த முறை அந்தப் பாக்கெட்டைக் கண்டால் திருப்பிப் பாருங்கள். எந்த நாடு, எந்த இனம், பண்ணையா காடா என்று எழுதியிருக்கிறதா? எழுதியில்லை என்றால், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.